அடைபட்ட வாய்மடை: கோர்ட்டா, ஊர்க்கூட்டமா, சத்தியமா, தூதா?

எங்கள் வயலுக்குத் தண்ணீர் சித்தப்பாவின் வயல் வழியாகத்தான் வர வேண்டும். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால் முதலில் அவர் வயலைத் தொடும். அங்கே நிறைந்த தண்ணீர் வடகிழக்கு மூலையில் இருக்கும் வாய்மடை வழியே எங்கள் வயலில் இறங்கும். அவர் என் அப்பாவுக்குச் சித்தப்பா மகன். தாத்தாக்கள் பாகம் பிரித்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. எந்தப் பத்திரத்திலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

சென்ற ஆண்டு பிசானம் என்னும் நெல் பருவத்தின் நடவுக்கு முன்னால் சித்தப்பா நெல்லை விட்டு வாழைக்கு மாறினார். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், வாழைக்கு நின்றால் கிழங்கு அழுகிவிடும். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாய்மடையை மண் போட்டு அடைத்தார். வரப்பை ஒரு முழம் உயர்த்தினார். உயர்த்துகிற சாக்கில் எங்கள் பக்கம் இரண்டடி தள்ளி வந்துவிட்டார் என்பது எங்கள் எண்ணம். மூலையில் நின்ற சர்வே கல்லைக் காணவில்லை. கேட்டால், "மண்ணுக்குள் புதைந்திருக்கும்" என்கிறார்.

அப்பா போய் மூன்று ஆண்டாகிறது. வயலைப் பார்த்துக்கொள்வது நான். என்ன செய்யலாம் என்று வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைக் கூட்டி முறையிடு என்கிறாள் அம்மா. சாஸ்தா கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் போதும் என்கிறாள் ஆச்சி. என் கணவர் வங்கிக்காரர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். நேராக முன்சீப் கோர்ட் என்கிறார். தம்பி சென்னையிலிருந்து போனில், "விற்றுத் தொலைத்துவிடலாமே அக்கா" என்கிறான்.

நம் மொழியிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. உலக வழக்கு என்றால் ஊரார் நடந்துகொள்ளும் முறை. கோர்ட்டில் வழக்கு என்றால் சண்டை. இரண்டுக்கும் ஒரே சொல். எங்கள் வாய்மடை திறந்திருந்தவரை முதல் பொருளில் வழக்கு, அடைபட்ட அன்றிலிருந்து இரண்டாம் பொருளில். எழுதப்படாத ஒன்று முறியும்போது என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. எழுத்தும் போலீஸும் இல்லாத சமூகங்கள் இந்தக் கேள்வியோடுதான் காலம்காலமாக வாழ்ந்திருக்கின்றன. அவர்கள் கண்ட வழிகளையும் எங்கள் வீட்டார் சொல்லும் வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

தம்பியின் வழியை முதலில் முடித்துவிடலாம். அது உலகத்திலேயே பழைய வழி. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடிகளிடம் இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒருவர் கிளம்பி வேறு முகாமுக்குப் போய்விடுவார். தலைவனும் இல்லை, தீர்ப்பும் இல்லை. வில்லும் பானையும் மட்டும் சொத்தாக இருப்பவர்களுக்கு அது சரி. வயலைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. விற்கலாம் என்றால், பங்காளிச் சண்டையில் இருக்கும் வயலை வாங்க வருபவர் அந்தப் பங்காளி ஒருவராகத்தான் இருப்பார். அவர் சொன்னதுதான் விலை.

இனி கோர்ட். நான் நினைத்ததைவிடச் சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒருவர் அடுத்தவர் நிலத்தின் வழியே தண்ணீரை 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்து வந்தால் அதை உரிமையாகவே ஏற்கிறது. உள்ளூர்ப் பழக்கத்தால் வரும் உரிமைக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. எழுதாத வழக்கத்துக்கு எழுதிய சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்த 20 ஆண்டாக இருக்க வேண்டும். அதோடு, தடுத்தது தெரிந்த பிறகும் ஓராண்டு பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தால், தடைக்கு ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. 'சொந்தக்காரர்தானே, பேசிக்கொள்ளலாம்' என்று இரண்டு பிசானத்தை விட்டவர், மூன்றாம் பிசானத்தில் கோர்ட்டுக்குப் போனால் அந்த வாதமே கையில் இருக்காது.

மெதுவாகத்தான் நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தால் சார்பு நீதிமன்றத்தில் அப்பீல், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டம் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று, வெள்ளைக்காரர் காலத்தில் கடைசி அப்பீலைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சிலே 1872-இல் சொல்லிவிட்டது. நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று இருக்கிறதல்லவா, அதைத்தான் சொன்னார்கள். இங்கே ஐஸ்லாந்து நினைவுக்கு வருகிறது. 930-இல் அந்தத் தீவில் பொதுச்சபை அமைந்தபோது சட்டம் முழுவதும் வாய்மொழி. சட்டம் உரைப்பவர் என்று ஒருவரை மூன்று ஆண்டுக்கு அமர்த்தி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மொத்தச் சட்டத்தையும் பாறைமேல் நின்று ஒப்பிக்கச் சொன்னார்கள். 1117 குளிர்காலத்தில்தான் எழுதத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, அரசன் மட்டும் இல்லை. தீர்ப்பை வாங்கியவனே அதை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஆள்பலம் இல்லாதவன் கையில் தீர்ப்பு இருந்தும் பயனில்லை.

நமக்குத் தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட் அமீனா உண்டு, போலீஸ் உண்டு. வரப்பு விஷயத்துக்கு அது போதும். கல்லை ஒரு முறை நட்டால் முடிந்தது. தண்ணீர் அப்படியல்ல. ஒவ்வொரு கார்ப் பருவம், ஒவ்வொரு பிசானம், ஒவ்வொரு முறைத் தண்ணீருக்கும் அந்த மடை திறக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு அமீனா வந்து நிற்கமாட்டார்.

அம்மா சொல்லும் ஊர்க்கூட்டத்துக்கு எங்கள் சீமையில் பெரிய பரம்பரை இருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்க் கோயிலில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று அது விதிக்கிறது. சபைத் தேர்தல் விதிகளுக்குப் பேர்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. அதில் எனக்குப் பிடித்த விதி: சபையில் எதைச் சொன்னாலும் "இல்லை, இல்லை" என்று குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு தண்டம். அந்த வகை ஆசாமிகள் அன்றே இருந்திருக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. அதே கல்வெட்டை இன்னொரு முறை படித்தால் சிரிப்பு அடங்கிவிடும். சபையில் உட்கார நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் வேலை செய்தவருக்கு அங்கே வாய் கிடையாது.

ஊர்க்கூட்டத்தின் பலம் அங்கே உட்காருபவர்களின் கண்கள். என் அப்பா எந்த ஆண்டில் எந்த மடையைத் திறந்தார் என்று அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். சாட்சிச் சம்மன் தேவையில்லை. ஒரு மாலையில் பேச்சு முடிந்துவிடும். சோமாலியரின் 'ஹேர்' என்னும் வாய்மொழிச் சட்டமும் இப்படித்தான்: மரத்தடியில் பெரியவர்கள் கூடி, முந்தைய தீர்ப்புகளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி, பேசி முடிக்கிறார்கள். குற்றம் செய்தவனுக்காக அவனுடைய குலக் கிளையே சேர்ந்து ஈடு கொடுக்கிறது. அரசு நொறுங்கிக் கிடந்த காலத்திலும் அந்த நாட்டில் கொடுக்கல் வாங்கல் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஈட்டுக் கணக்கைப் பாருங்கள். வழக்கமாக ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம், பெண்ணின் உயிருக்கு 50. பெரியவர்கள் கூடும் மரத்தடியில் பெண்ணுக்கு இடம் கிடையாது. அவளுக்காக ஆண் உறவினர் பேசுவார்.

எங்கள் ஊர்க்கூட்டத்திலும் அதே கதைதான். நான் போனால், "வீட்டில் ஆம்பிளை இல்லையா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். என் கணவர் வெளியூர்க்காரர், மருமகப்பிள்ளை. அவருக்கும் அங்கே குரல் இல்லை. தம்பி சென்னையிலிருந்து வர வேண்டும். வயலில் கால் வைத்துப் பத்து ஆண்டாகிற அவன் எனக்காகத் தண்ணீர் முறையைப் பேச வேண்டும்!

கீழ்ப்படியாதவரை ஊர் என்ன செய்யும்? அந்தக் காலத்தில் தண்ணீர், நெருப்பு, கொடுக்கல் வாங்கல், சாவுக்குத் தோள் எல்லாவற்றையும் நிறுத்தி ஒதுக்கிவைப்பார்கள். அந்த ஆயுதம் வலியவன்மேல் பாய்ந்த நாள் குறைவு. சாதி தாண்டிக் கல்யாணம் செய்த பிள்ளைகள், கைம்பெண்கள், காலனிக்காரர்கள் மேல்தான் பாய்ந்தது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், ஒடுக்க வேண்டியவை என்று கடுமையாகச் சொன்னது இதனால்தான். எனக்கு நியாயம் கிடைத்தாலும் கிடைக்கும் என்பதற்காக அந்த ஆயுதத்துக்குச் சாணை பிடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. சம பலமுள்ள இரண்டு வீடுகள், இரண்டிலும் ஆண்கள், ஒரே தெரு என்றால் அம்மா சொல்வதில் தப்பில்லை. நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

ஆச்சியின் வழியைக் கேட்டு என் கணவர் சிரித்தார். சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் ஒரு பழைய சட்டத்தைக் காட்டினேன். 1873-ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியச் சட்டத்தில், எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் சொல்ல இடம் இருந்தது. எதிராளி அப்படியே செய்துவிட்டால் அவர் சொன்னது முடிந்த முடிபு, மறுசாட்சி கிடையாது. சூடம் அணைத்தே வழக்கை முடித்துக்கொள்ளலாம். 1969-இல் புதிய சட்டம் வந்தபோதுதான் இந்த வழி போனது. வெள்ளைக்கார நீதிபதியே சாமியை ஒரு சாட்சியாக ஏற்றுக்கொண்டிருந்தார் என்று ஆச்சியிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "பின்னே, அவனுக்குப் பயம் இருக்காதா?" என்றாள்.

பிலிப்பைன்ஸின் வடக்கு மலைகளில் அடுக்கு வயல் கட்டி வாழும் இஃபுகாவ் மக்களிடமும் தெய்வச் சோதனை இருந்தது. கொதிக்கும் பானைக்குள் கைவிட்டுக் கூழாங்கல்லை எடுக்க வேண்டும். வயல் எல்லைத் தகராறுக்கு அவர்கள் வைத்திருந்த வழி இன்னும் விசேஷம். இரு தரப்பிலும் ஓர் ஆள் இறங்கி, தகராறில் இருக்கும் எல்லையில் சற்றுத் தூரத்துக்கு ஒரு முறை மற்போர் போட வேண்டும். ஆள் விழுந்த இடமே எல்லை. முன்னோர்கள் நியாயமானவன் பக்கம் நிற்பார்கள் என்பது நம்பிக்கை. சித்தப்பாவுக்கு 68 வயது, எனக்கு முழங்கால் வலி. எங்களுக்கு அது ஒத்துவராது.

சத்தியம் எப்போது வேலை செய்யும்? உண்மை ஒருவருக்கு மட்டுமே தெரியும், வேறு சாட்சி இல்லை, இருவருக்கும் ஒரே சாமிமேல் பயம் என்ற இடத்தில். கடன் வாங்கினாயா இல்லையா, நகையை எடுத்தாயா இல்லையா என்ற கேள்விகளுக்கு அது பொருந்தும். எங்கள் விஷயத்தில் சித்தப்பா பொய் சொல்லவே இல்லை. தண்ணீர் வந்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். இனிமேல் விட முடியாது என்கிறார். அதற்குச் சாஸ்தா என்ன செய்வார்? கல்லைப் பிடுங்கவில்லை என்று வேண்டுமானால் சத்தியம் கேட்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். சூடம் அணைத்த வீட்டில் அடுத்த மாதமே பசு ஒன்று செத்தது. பொய்ச் சத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பசு பாலிதீன் பையைத் தின்று செத்தது என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பதினைந்து ஆண்டாக அந்த இரு வீட்டாரும் பங்குனி உத்திரத்துக்கு ஒரே கோயிலுக்கு வெவ்வேறு நேரத்தில் போகிறார்கள்.

வீட்டில் யாரும் சொல்லாத வழி ஒன்று மிச்சம் இருந்தது: தூது. இஃபுகாவ் மக்களின் மற்போரைப் பற்றிப் படித்தபோது அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அவர்களுடைய தூதர்தான். 'மொன்கலுன்' என்று பெயர். அந்தக் காலத்தில் வழக்கு தொடங்கியதும் இரு வீட்டாரும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. எல்லாப் பேச்சும் அவர் வாய் வழியாகத்தான். அவருக்கு அதிகாரம் கிடையாது. இங்கே வந்து அங்கே இருக்கும் பலத்தைச் சொல்வார், அங்கே போய் இங்கே இருக்கும் நியாயத்தைச் சொல்வார். ஒரு தரப்பின் கோபத்தைப் பாதியாக்கி மறுதரப்பிடம் கொண்டுபோவார். கூலி உண்டு. அவர் நடந்துகொண்டிருக்கும்வரை யாரும் கை நீட்டக்கூடாது. நீட்டினால் அது அவருக்கே செய்த அவமானம்.

தெற்கு சூடானின் நூவர் மாட்டிடையர்களிடம் அந்தக் காலத்தில் இன்னொரு நுட்பம் இருந்தது. கொலை செய்தவன் சிறுத்தைத்தோல் அணிந்த பூசாரியின் வீட்டுக்கு ஓடி அடைக்கலம் புகுவான். பூசாரி ஆறப்போட்டு, இறந்தவர் வீட்டுக்குப் போய் நாற்பது, ஐம்பது மாடுகளை ஈடாக வாங்கிக்கொள்ளும்படி கேட்பார். அவர்கள் மறுப்பார்கள். மறுத்தே ஆக வேண்டும், உடனே ஒப்புக்கொண்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை. பூசாரி மறுபடியும் போவார், இறங்காவிட்டால் சபிப்பேன் என்று மிரட்டும் அளவுக்குக்கூடப் போவார். கடைசியில், 'எங்களுக்கு மனமில்லை, உங்கள் முகத்துக்காக ஒப்புக்கொள்கிறோம்' என்பார்கள். இறங்கி வர இருவருக்குமே ஆசை இருக்கிறது, இறங்குவதற்கு ஒரு படிதான் வேண்டும். அந்தப் படிதான் அவர்.

இதைப் படித்ததும் எங்கள் ஊரில் யார் அந்த ஆள் என்று யோசித்தேன். சொந்தக்காரர் கூடாது, யாராவது ஒருவர் பக்கம் சாய்வார். கட்சிக்காரர் கூடாது, நாளைக்கு ஓட்டு கேட்பார். இருவருக்கும் நாளைக்கும் தேவைப்படுகிற ஆளாக இருக்க வேண்டும். கடைசியில் மடை பார்க்கும் பெரியவரிடம் போனேன். ஐம்பது ஆண்டாக அந்தக் கிளை வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்தவர். எந்த வயல் எத்தனை நாழிகையில் நிறையும், எந்த மடை எந்தத் திருவிழாவுக்கு முன் அடைபடும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் பாறைமேல் நின்று ஒப்பித்தார் என்றால், எங்கள் தண்ணீர்ச் சட்டத்தை வரப்பில் நின்று ஒப்பிக்கக் கூடியவர் இவர். அந்தக் காலக் கூட்டங்களில் இவருடைய அப்பாவைச் சாதியைச் சொல்லி ஓரமாக நிற்கவைத்துத் தகவல் மட்டும் கேட்டிருக்கிறார்கள். உட்காரச் சொன்னதில்லை.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "தாயி, உனக்குத் தண்ணீர் வேண்டுமா, சித்தப்பா தோற்க வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டும் வேண்டும் என்பதுதான் உண்மை. தண்ணீர் என்றேன்.

முதல் முறை போய்விட்டு வந்து, "கத்தினார். கத்தட்டும்" என்றார். இரண்டாம் முறை போனபோது சித்தப்பா காப்பி கொடுத்திருக்கிறார். வாழையை அழித்துவிட்டு மடை திறக்க முடியாது, வேறு வழி இருந்தால் சொல் என்றாராம். எனக்கு வந்த நல்ல செய்தி அந்தக் காப்பிதான்.

தூதின் ஓட்டை என்ன என்றால், அதில் பிடிமானம் இல்லை. பெரியவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர் தலைக்குள் இருப்பது அவரோடு போய்விடும். சித்தப்பாவின் மகன் நாளைக்கு, "எங்கள் அப்பா சொன்னாரா, எங்கே எழுத்து?" என்று கேட்பான். ஊரில் வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் புதிதாக உரிமை உண்டாக்கும் எழுத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாத தாள் கோர்ட்டில் அந்த உரிமையை நிலைநாட்டாது.

அதனால் தூதில் முடிந்ததை, லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் கொண்டுபோய்ப் பூட்டுவது என்று தீர்மானித்திருக்கிறேன். வட்ட சட்டப் பணிகள் குழுவிடம், வழக்கே போடாமல்கூட மனுக் கொடுக்கலாம். இருவரும் ஒப்புக்கொண்டதை அங்கே எழுதிக் கையெழுத்திட்டால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம். அப்பீலும் கிடையாது. அதே சட்டத்தின்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் அங்கே போனபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அங்கே உட்காருபவர்கள் ஒரே நாளில் பல கோப்புகளைப் பார்ப்பவர்கள். எங்கள் மூலை மடையை அவர்களுக்கு விளக்கிப் புரியவைத்து, அங்கேயே சமரசம் பேசி முடிப்பது நடக்கிற காரியமில்லை. பேச்சு வரப்பிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்றைச் செய்துவிட்டேன்: தாலுகா ஆபீஸில் பணம் கட்டி, புல வரைபடத்தின்படி அளந்து கல் நடச் சர்வேயருக்கு மனு. எல்லை எங்கே என்பதை எந்தப் பெரியவரும் ஊகிக்கத் தேவையில்லை. அதற்குச் சங்கிலி இருக்கிறது. இரண்டடி யாருடையது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். இரண்டாவது, ஓராண்டு முடிவதற்குள் வக்கீல் மூலம் சித்தப்பாவுக்கு ஒரு நோட்டீஸ். சும்மா இருந்தேன் என்று பேராகக் கூடாது. இதற்குப் பெரியவர் முகம் சுளித்தார். தூது நடக்கும்போது ஓலை அனுப்புவது முறையா என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். நோட்டீஸின் வாசகத்தை அவரிடம் படித்துக்காட்டி, 'மிரட்டல்' போலத் தொனித்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டு, அது வருகிறது என்று முதலில் அவரே போய்ச் சித்தப்பாவிடம் சொல்வதாக ஏற்பாடு.

எதிராளி நாளைக்கும் உங்கள் கண்ணில் படாத ஆள் என்றால், அதாவது வெளியூர்க்காரர், ரியல் எஸ்டேட்காரர் என்றால், தூதில் நாளை வீணாக்காமல் கோர்ட்டுக்குப் போங்கள். அவரைக் கட்டிப்போட ஊரில் எதுவும் இல்லை. உங்களைவிட அவர் கை ஓங்கியிருந்தாலும் அப்படியே. அடி, மிரட்டல் என்று வந்துவிட்டால் முதலில் போலீஸ். எங்கள் விஷயம் அப்படியில்லை. அடுத்த வைகாசியில் அவருடைய பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருமா வராதா என்பது இப்போது அந்த மடையில் இருக்கிறது.

மூன்றாம் முறை போய்விட்டு நேற்று மாலை பெரியவர் வந்தார். வாழைப் பாத்திகளுக்கு அடியில் ஆறங்குலக் குழாய் பதித்து, கிளை வாய்க்காலிலிருந்து நேராக எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக சித்தப்பா சம்மதித்துவிட்டாராம். அவர் வயலும் நனையாது, எங்கள் நெல்லும் காயாது. தோண்டும்போது சாயும் வாழைகளை அவரே கணக்கில் விட்டுவிடுவாராம். குழாய்க்கு யார் பணம் கொடுப்பது என்பது மட்டும் பாக்கி. "பாதிப் பாதி என்று கேட்டுப் பாருங்கள், தாத்தா" என்றேன். "நீ முக்கால் என்று சொல். நான் பாதிக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.